இரண்டு வலைக்கு ஒரே எண்

லுசாகாவின் அந்தக் குழந்தைகள் மருத்துவமனையில் கணினி அறை ஏழு வருஷமாக நமுகோலோவின் பொறுப்பு. அதற்குத்தான் வேட்டு வைக்க வந்திருந்தான் வெளி ஆளான சிமுகோண்டா. மதியத்துக்குள் வேலையை முடித்துக் காட்டினால் அறைப் பொறுப்பு இனி அவனுக்கே என்று நிர்வாகி கபாசோ மேடம் சொல்லிவிட்டார்.

வேலை இதுதான். பெரிய கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினியில் தடுப்பூசிப் பதிவுகள் இருந்தன. வெளிக்கணினியான அந்தப் பெரிய கணினிக்கும் அதற்கும் நடுவே, வேறு யாரும் நுழைய முடியாத தனி வலை போட வேண்டும்.

கோட்டும் டையுமாக வியர்த்து வழிந்த அந்த மேதாவி, கைப்பேசிக் குறிப்பைப் பார்த்து எண்களை அப்படியே அடித்தான். ரௌட்டர் என்ன எண்ணோடு பெட்டியிலிருந்து வந்ததோ, அதையே வைத்துக் காலம் தள்ளுவது அந்த ஊர் அலுவலகங்களின் வழக்கம். குறிப்பில் இருந்ததும் அதே எண்தான். வந்தவன் கேட்டிருக்க வேண்டாமா? ஆபீஸ் வலையின் எண்வரிசையையே தனி வலைக்கும் கொடுத்துவிட்டான். வெளிக்கணினி அச்சுப்பொறிக்கு அனுப்பியதெல்லாம் அந்தத் தனி வலைக்குள் போய்த் தொலைந்தது. தடுப்பூசி அட்டை அச்சாகவில்லை. அட்டை இல்லாமல் நர்ஸ்கள் ஊசி போட மாட்டார்கள்.

நமுகோலோ ஒன்பது மணிக்கே திரையில் அதைப் பார்த்துவிட்டாள். ஒரு வார்த்தை போதும். தவிக்கட்டும் தடியன் என்று இருந்துவிட்டாள். அவன் கணினியை நாலு தடவை அணைத்துப் போட்டான், ஒயரைப் பிடுங்கிச் சொருகினான், அச்சுப்பொறியைத் தட்டிப் பார்த்தான். சகிக்கவில்லை.

"சிஸ்டர், கேபிளெல்லாம் ரொம்பப் பழசோ?" என்று நமுகோலோவிடமே கேட்டான்.

"ஆமா சார், கேபிள்தான். நல்லாப் பாருங்க."

பன்னிரண்டுக்கு மேடம் வந்ததும் நமுகோலோ அவனை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தனி வலைக்கு வேறு எண்வரிசை கொடுத்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, தேங்கிக் கிடந்த அட்டைகள் விழ ஆரம்பித்தன.

"இவ்வளவுதான் மேடம். ரெண்டுக்கும் ஒரே எண்ணைக் குடுத்திருக்காரு. ஒன்பது மணிக்கே கவனிச்சிட்டேன்" என்றாள், அவனை ஏற இறங்கப் பார்த்தபடி.

"ஒன்பது மணிக்கேவா?"

"ஆமா மேடம்."

மேடம் கதவை அகலத் திறந்தார். வெளியே பெஞ்சில் ஒருத்தரும் இல்லை.

"கன்யாமாலேர்ந்து பிள்ளையை முதுகுல கட்டிட்டு நடந்தே வந்தவங்க. நாப்பது பேரு. ஊசி போடாமலே போயிட்டாங்க. இந்த ஆளுக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சிருக்கு."

அறைப் பொறுப்பைப் பற்றி மேடம் பேச்சே எடுக்கவில்லை. அட்டைகளை அள்ளி நமுகோலோவின் கையில் கொடுத்தார்.

"வீடு வீடாப் போய் நீயே கூட்டிட்டு வா. ஏன் லேட்டுன்னு கேட்டா, நீயே சொல்லு."