அரை லிட்டர் தண்ணீர்

தேங்காய்ப்பட்டணத்தில் சிலுவைதாசன் மீன் ஏலம் கூவினால் லட்சத்தீவில் காக்கைகள் எழுந்து பறக்கும். நாற்பது வருடம் கூவி ஓய்ந்தவர். வள்ளம் கவிழ்ந்து பாதிக் கடலைக் குடித்தேன், மறுநாள் தண்ணீர் இல்லாமல் மீனெல்லாம் மணலில் நடந்தே ஏலத்துக்கு வந்தது என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு 2019-ல் அரை லிட்டர் தண்ணீர் இறங்கவில்லை.

முதுகெலும்பின் அடிநுனியில் கட்டி. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் புரோட்டான் சிகிச்சை. மாதா கோயிலைக் கொடிமரத்தோடு உள்ளே தள்ளினாலும் இடம் மிச்சமிருக்கும் இயந்திரம். கதிர் கட்டிக்குள் போய் அங்கேயே நின்றுவிடும், தாண்டாது. ஆனால் தினமும் மூத்திரப்பை ஒரே அளவு நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் குடல் கதிரின் வழியை விட்டு விலகும். அதற்காக அரைமணி முன்பே அரை லிட்டர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

கட்டி மூத்திரத்தை அடக்கும் நரம்பையும் நெருக்கியிருந்தது. தும்மினால் வேட்டி நனையும். மனைவி குளோரிக்குக்கூடத் தெரியாது. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் நந்தனா அவர் ஊர்ப்பக்கம், கோட்டாற்றுப் பெண். அவள் முன்னால் குப்புறக் கிடக்கும்போது அது நடந்துவிட்டால்? பாட்டிலை வாஷ்பேசினில் கவிழ்த்தார்.

"வெள்ளம் குடிச்சியளா மாமா?"

"தொண்டக்குழி வரைக்கும் நிக்குது மக்கா."

படுக்கவைத்து, ஸ்கேன் எடுத்தாள். பை காற்றுப்போன பந்து. ஏற்றி இறக்கியதில் ஒரு மணி நேரம் வீண்; அன்றைய கதிரும் கிடைக்கவில்லை. மறுநாளும் அதே கதை. இன்னொரு நாள் விடுபட்டால் கட்டிக்குத்தான் லாபம் என்று டாக்டர் எச்சரித்தார்.

மூன்றாம் நாளும் பாட்டிலோடு வாஷ்பேசினுக்கு நடந்தார். பெஞ்சில் தாயின் மடியில் நாலு வயதுக் குழந்தை.

"தாத்தா, எனக்குத் தண்ணி."

தாய் அதன் கையை இறக்கினாள். "மயக்க மருந்து கொடுக்கணும், காலையிலேர்ந்து ஒண்ணும் கொடுக்கக் கூடாது. தாத்தா முடிச்சதும் நம்மதான்டா. நேத்தும் முந்தாநேத்தும் மாதிரி லேட்டாகாது."

தன்னால்தான் லேட்டானது என்பது அவளுக்குத் தெரியாது என்பதே சிலுவைதாசனைச் சுட்டது. வாழ்நாளில் முதல்முறையாகக் குரல் உள்ளே போயிற்று. நந்தனாவிடம் போய் முணுமுணுத்தார்.

"மக்கா, ரெண்டு நாளும் கள்ளம் சொன்னேன். கீழ ஊத்தினேன். எனக்கு நிக்காது, பாத்துக்க. கொழந்தைய முதல்ல ஏத்து."

"இத முதல்லயே சொல்லப்பிடாதா மாமா? அடியில விரிக்கத் துணி கெடக்கு. தெனமும் எத்தன பேரு நனைக்காவ. போய்க் குடியுங்க."

குழந்தை உள்ளே போய்க் கதவு மூடும்வரை பாட்டிலைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை. பிறகு குடித்தார், குளோரி பார்த்துக்கொண்டிருக்க.

"பாதிக் கடலக் குடிச்ச ஆளு, இதுக்கா கண்ணு கலங்குது?"

அவளிடமும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை; அதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

அன்று கதிர் இறங்கியது, மேஜையும் நனைந்தது. நந்தனா துணியை மாற்றினாள்.

ஊர் திரும்பியபின் அவர் சொல்லும் கதையில் இயந்திரம் வாரத்துக்கு ஒரு மாடி வளர்ந்தது. கடல் குடித்த கதையை மட்டும் யாராவது கேட்டால் சிலுவைதாசன் எழுந்து வலைகளைப் பார்க்கப் போய்விடுவார்.