மேசையைத் தட்டினார்கள்

எங்கள் துறையின் சின்னச் சமையலறையில் பிளம்ஸ் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது அப்ரஹெத் வந்து கதவோரம் நின்றாள். தேய்த்த வெள்ளைச் சட்டை, துடைத்து மினுக்கிய ஷூ. முகம் மட்டும் ஊசிக்குக் காத்திருக்கிற பிள்ளை முகம். "அக்கா, இப்பவே சொல்லிடறேன், எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல" என்றாள். "வாயில கேக்கைப் போடு, எல்லாம் தானா வரும்" என்றேன். அந்தக் கேக் என் வீட்டு அடுப்பில் வெந்தது. பல்கலைக்கழகம் பயிலரங்குகளுக்குத் தரும் நிதியில் காப்பி வாங்கலாம், கேக் வாங்கக் கூடாது. காப்பி குடித்தால் அறிவு வளருமாம், கேக் தின்றால் உடம்புதான் வளருமாம். என்ன கண்றாவிச் சட்டமோ! நான் இந்தத் துறைக்குச் செயலாளராக வந்த நாளிலிருந்து இதே கூத்துதான். ஒவ்வொரு பயிலரங்குக்கும் என் வீட்டு மாவும் சர்க்கரையும்தான் போகின்றன.

இந்த முறை பயிலரங்கு, வெளியிலிருந்து குடியேறியவர்கள் ஊரோடு ஒன்றுவதைப் பற்றி. நடத்துகிறவள் வீப்கெ. கெட்டிக்காரி, ஆனால் எல்லாவற்றுக்கும் பதறுகிற பெண். வருஷம் முடிந்தால் அவளுடைய ஒப்பந்த வேலையும் முடிகிறது. இந்தப் பயிலரங்குக்காக நிதிக் குழுவுக்கு மூன்று தடவை விண்ணப்பித்து, மூன்றாம் தடவைதான் பணம் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: குடியேறியவர்களில் ஒருவராவது மேடையில் பேச வேண்டும். வீப்கெ நேரே என் மேசைக்கு ஓடி வந்தாள். "எல்விரா, உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? நம்ம பக்கத்துல எல்லாரும் இதைப் பத்தி எழுதறவங்கதான், வந்தவங்க ஒருத்தர்கூட இல்லை." எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கஜகஸ்தானில் ஒரு ஜெர்மன் குடும்பத்தில் பிறந்தவள். அங்கே இருந்தவரை என்னை ஜெர்மன்காரி என்றார்கள், ஜெர்மனியில் வந்து இறங்கியதும் ருஷ்யாக்காரி என்றார்கள். முப்பது வருஷமாய் இவர்களோடு இருந்து இருந்து, இப்போது ஒருவரும் என்னை வந்தவள் கணக்கில் சேர்ப்பதில்லை. சொல்லிக்காட்டலாம் என்று நினைத்தேன். பாவம், அவள் கண்ணைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

அப்ரஹெத் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறாள். எரித்ரியாவில் கெரென் என்ற ஊரில் புவியியல் டீச்சராக இருந்தவள். இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிறாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் உடனே சரியென்று சொல்லவில்லை. "இங்க வந்ததுலேர்ந்து எல்லாரும் என்கிட்ட கடல் தாண்டி வந்த படகைப் பத்தியேதான் கேக்கறாங்க அக்கா. நான் டீச்சர்னு சொன்னா, அப்படியா, ரொம்ப நல்லதுன்னுட்டு மறுபடியும் படகுக்கே போயிடறாங்க. நான் படகைப் பத்திப் பேச மாட்டேன். புதுசா வந்தவங்க ஒரு ஊரை எப்படிப் படிக்கிறாங்கன்னு பேசறேன். சம்மதமான்னு கேளுங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "நான் இன்னும் டீச்சர்தானான்னு ஒரு தடவை பாத்துடணும். இல்லைன்னு தெரிஞ்சுட்டா, பரவாயில்ல, உருளைக்கிழங்கோட நிம்மதியா இருந்துடுவேன்." அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் என் வீட்டில் ஒத்திகை. அவள் எரிவாயு அடுப்புப் பக்கம் நின்று பேசுவாள், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் ஜெர்மனைத் திருத்துவேன். எங்கே மூச்சு விட வேண்டும், எப்போது தண்ணீர் குடிக்க வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தேன். முன்வரிசையில் நிதிக் குழுவிலிருந்து ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்து குறிப்பெடுப்பார், பயப்படாதே என்றும் சொன்னேன். எல்லாம் சொன்னேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

பழைய மரப்பலகை மேசைகள் போட்ட அரங்கம் அது. அப்ரஹெத் எழுந்து மேடைக்குப் போனாள். முதல் இரண்டு வாக்கியம் எனக்கே கேட்கவில்லை. பிறகு எங்கேயோ ஓரிடத்தில் அவள் குரல் தரையில் கால் ஊன்றிவிட்டது. புதிதாய் வந்தவர்கள் மனசில் போட்டுக்கொள்கிற ஊர் வரைபடத்தில் தேவாலயக் கோபுரமும் நகர மண்டபமும் கடைசியில்தான் வரும் என்றாள். முதலில் வருவது பதிவு அலுவலகம், அப்புறம் இலவசமாக உட்கார விடுகிற இடம், அப்புறம் தன் பாஷை காதில் விழுகிற பேருந்து நிறுத்தம். அந்தப் பேருந்து எந்த மூலையில் திரும்புகிறதோ அங்கேதான் அவர்களுடைய ஊர் முடிகிறது என்றாள். அறையில் ஒரு இருமல்கூட இல்லை. எனக்கு அப்படியொரு பெருமை, நானே பெற்றவள் மாதிரி! "நன்றி" என்று முடித்தாள்.

அரங்கமே மேசையைத் தட்டியது. எங்கள் பல்கலைக்கழகத்தில் யாரும் கை தட்டுவதில்லை. விரலை மடக்கி மேசைப் பலகையில் தட்டுவார்கள், அதுதான் பாராட்டு. அன்றைக்குத் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்தது போல் தட்டினார்கள். அப்ரஹெத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தாள்களை வாரிக்கொண்டு பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள். கழிவறைக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அடுத்துப் பேச வேண்டிய எங்கள் துறைப் பேராசிரியர் லூடர்ஸ் தன் உரையைத் தொடங்கினார்.

நான் சமையலறைக்குள் போனபோது அவள் கோட்டில் ஒரு கையை நுழைத்திருந்தாள். மறு கையை நான் பிடித்துக்கொண்டேன்.

"எங்கடி போற?"

"விடுங்க அக்கா. போதும்னு தட்டிட்டாங்கல்ல? ரொம்ப நேரம் பேசிட்டேனா? இல்ல தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?"

அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வருவாராம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். பாடம் பிடிக்கவில்லையென்றால் வாயே திறக்க மாட்டார், விரலை மடக்கி மேசையில் தட்டுவார். டீச்சர் அதோடு நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். "அங்க ஒரு ஆள்தான் தட்டுவாரு. இங்க மொத்தப் பேரும். முன்னாடி உக்காந்திருந்த அந்தப் பணம் குடுக்கற அம்மாதான் முதல்ல தட்டினாங்க, நான் பாத்தேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். பழகிப் பழகி அந்தச் சத்தம் என் காதில் விழாமல் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லையே எனக்கு!

விளக்கினேன். சத்தியம்கூடப் பண்ணினேன். அவள் என் கன்னத்தைத் தொட்டு, "நீங்க நல்லவங்க. அதான் இப்படிச் சொல்றீங்க" என்றாள். கேக்கை முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் லூடர்ஸின் குரல் போய்க்கொண்டே இருந்தது. ஒருவழியாக நின்றது. உடனே தடதடவென்று அதே சத்தம்.

அப்ரஹெத் நிமிர்ந்தாள். "அவரையும் நிறுத்தச் சொல்றாங்களா?"

"அவரை நிறுத்தச் சொல்றதுன்னா நாங்க இருபது வருஷமா தட்டியிருக்கணும். அவரா நிறுத்தினாத்தான் உண்டு."

அவள் உதடு கோணியது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. அப்போது வீப்கெ கதவைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். "இங்கதான் இருக்கீங்களா! எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க. அந்தப் பேருந்து எங்க திரும்புது, ஆத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு நிதிக் குழு அம்மாவுக்குப் புரியலையாம். நீங்களே வந்து..." அப்ரஹெத்தின் கண்ணைப் பார்த்ததும் அவள் கிட்டே வந்து குனிந்தாள். "ஐயோ, நாங்க என்ன பண்ணிட்டோம்?"

"புரியலைன்னா கேட்டாங்க?" என்றாள் அப்ரஹெத். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

நானும் வீப்கெயும் பின்னாலேயே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அப்ரஹெத் மேடைப்பக்கம் போகவில்லை. நேரே கரும்பலகைக்குப் போனாள். ஈரப் பஞ்சால் அதை மேலிருந்து கீழே துடைத்தாள், காயும்வரை யாருக்காகவும் அவசரப்படாமல் நின்றாள். பிறகு சாக்பீஸை எடுத்து, அதன் முனையை உடைத்துப் போட்டுவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஆற்றை வரையத் தொடங்கினாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வீப்கெயின் காதில் ஏதோ சொல்லக் குனிந்தேன்.

"கடைசி வரிசை, அங்க என்ன பேச்சு?"

அவள் திரும்பக்கூட இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். வீப்கெ கையைக் கட்டிக்கொண்டாள். லூடர்ஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்வரிசை அம்மாள் தாளைப் புரட்டிப் புதுப் பக்கம் எடுத்தார். பலகையில் ஆறு வளைந்து பாலத்தைத் தாண்டி, எங்கள் ஊரின் ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.