நான்கு பேருக்கான கோழியும் உருளைக்கிழங்கும்

1

இந்தக் கதை வடை மடித்துக் கொடுத்த காகிதத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழின் பக்கம் அது. எண்ணெய் படாத பாதியில் ‘கிரீஸ் நாட்டு முறையில் கோழியும் உருளைக்கிழங்கும்: சுலபமான இரவுச் சாப்பாடு, நான்கு பேருக்கு’ என்று போட்டு ஒரு தட்டின் படமும் இருந்தது. செய்முறை எண்ணெய் பட்ட பாதியோடு போய்விட்டது.

திருப்பூரில் கிரீஸ் என்றால் மெஷினுக்குப் போடுவது. எனக்கும் அந்த நாட்டைப் பற்றி அதற்கு மேல் தெரியாது. என் வீட்டில் ஓவனும் கிடையாது. ஆனால் ‘சுலபமான’ என்ற சொல் என்னை விடவில்லை. சமைக்கிறவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்தான் சொல்வார்கள். அதனால் சமைக்கிற ஆள் ஒருவரைத் தேடினேன். நாகஜோதி வந்தாள்.

2

‘அவிநாசி ரோட்டில் வெயில் ஏறிக்கொண்டிருந்த—’

வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகள் ஏராளமாகக் கிடக்கின்றன.

‘கோழியைக் கழுவிக்கொண்டிருந்தபோது நாகஜோதிக்குத் தன் வாழ்க்கை—’

இதுவும் வேண்டாம். கோழி கழுவுகிறவள் கோழியைப் பற்றித்தான் யோசிப்பாள்.

நேராகவே சொல்கிறேன். 2007, மார்ச் மாதம். அவிநாசி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் ஒரு பனியன் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸ். சரக்குப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற இடம். நாகஜோதி அங்கே சமையல். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். முதலில் அதே கம்பெனியில் செக்கிங்கில் நின்றாள். தைத்து வரும் பனியனை விரித்துப் பார்த்து, நல்லது கெட்டது பிரித்துப் போடுகிற வேலை. நின்று நின்று கால் வீங்கவும், முதலாளி சிவசுப்பிரமணியம் அவளைச் சமையலுக்கு மாற்றிவிட்டார்.

அந்த வாரம் அங்கே தங்கியிருந்தவர் தனாசிஸ் என்கிற கிரீஸ்காரர். சரக்குக் கப்பலேறும் முன் பார்த்துச் சரி சொல்கிறவர். எல்லோருக்கும் அவர் தனா சார். இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறார். வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். சப்பாத்தி வைத்தது வைத்தபடி இருக்கிறது.

“ஏம்மா ஜோதி, அந்த மனுசன் ஒண்ணுமே திங்கறதில்லியாமா?” என்று முதலாளி காலையிலேயே வந்து நின்றார். “நாளைக்குக் கெளம்பறாரு. நம்மூட்டுக்கு வந்தவரு வவுத்தக் காயப்போட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்? என்னமோ ஒண்ணு பண்ணிப் போடு கண்ணு.”

நாகஜோதிக்குச் சுருக்கென்றது. இவரைத் தவிர, அவள் கையால் சாப்பிட்டவர்கள் யாரும் அரை வயிற்றோடு எழுந்து போனதில்லை. இந்த மனிதரை ஒரு வேளையாவது வயிறாரச் சாப்பிட வைத்து அனுப்ப வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். கதைக்கும் அது போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

3

அவர் வயிறாரச் சாப்பிட்டு அவள் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள். போன தடவை வந்திருந்தபோது.

அன்று அவரே சமையலறைக்குள் வந்து கையைச் சட்டைக்கு மேலே சுருட்டிக்கொண்டு (இல்லை, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, அவசரத்தில் எழுதினால் இப்படித்தான்) வேலையை ஆரம்பித்தார். உருளைக்கிழங்கை நீளவாக்கில் நறுக்கித் தட்டில் பரப்பினார். நடுவில் முழுக் கோழி, தோலோடு. பூண்டு, உப்பு, மிளகு. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார், பிழிந்தார், பிழிந்துகொண்டே இருந்தார். எண்ணெயை ஊற்றினார். ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஏதோ காய்ந்த இலையை உள்ளங்கையில் கசக்கித் தூவினார். ஓமவல்லி வாசம் அடித்தது. ஓவனுக்குள் தட்டைத் தள்ளிவிட்டு, நாகஜோதியைப் பார்த்து விரலை ஆட்டி, “நோ டச்” என்று சிரித்தார்.

பிறகு அவருக்குப் போன் வந்தது. வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். ஓவனிலிருந்து புகை வந்தது. நாகஜோதி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தொடாதே என்று சொல்லியிருக்கிறாரே. அவர் திரும்பி வந்து தட்டை வெளியே எடுத்தபோது கோழி கருஞ்சிவப்பாக இருந்தது, அடிக்கிழங்கெல்லாம் கறுத்திருந்தது. அவர் சமையலறை மேடையிலேயே தட்டை வைத்துக்கொண்டு, நின்றபடி சாப்பிட்டார். கறுத்த கிழங்கைக்கூட விடவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. புகை என்று நாகஜோதி நினைத்தாள். வெள்ளைக்காரர்கள் ரொட்டியையே கறுக்க வாட்டித் தின்கிறவர்கள், இதுவும் அப்படித்தான் போலிருக்கிறது என்றும் நினைத்தாள்.*

* அவள் ஏன் அப்படி நினைத்தாள் என்று கேட்பீர்கள். செக்கிங்கில் நின்றவர்களுக்குத் தெரியும். சரக்கு வாங்குகிற பையர் சரி சொல்லி முத்திரை போட்ட சாம்பிள் பீஸ் ஒன்று தையல் லைனில் தொங்கும். அதில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் எல்லாப் பீஸும் வர வேண்டும். ஒரு முறை ஒரு சாம்பிளில் பாக்கெட் விரற்கடை இறங்கியிருந்தது. தப்பு என்று குருடனுக்கும் தெரியும். ஒரு சூப்பர்வைசர் அறிவாளித்தனமாக அதை ஏற்றித் தைக்கச் சொன்னார். அத்தனையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியதாயிற்று. சாம்பிளில் இருப்பதைத் திருத்துவது உன் வேலை இல்லை என்பது அவள் உடம்பில் ஊறிய பாடம்.

5

நான்காம் பகுதியை எடுத்துவிட்டேன். அது நாகஜோதியின் அம்மாவைப் பற்றியது. கோழிக் கதைக்குள் அம்மா எதற்கு என்று தோன்றியது.

அவள் பல்லடத்துக் கோழியைத் தோலுரிக்காமல் வாங்கினாள். ஆலிவ் எண்ணெய்க்கு மெடிக்கல் ஷாப்புக்குப் போனாள். “கொழந்தைக்கு எத்தன மாசமுங்க?” என்று கடைக்காரர் கேட்டார். இங்கே அந்த எண்ணெய் குழந்தை உடம்பில் தேய்க்கத்தான் விற்கிறது.

“கொழந்தைக்கில்லண்ணே, கோழிக்கு” என்றாள். கடைக்காரர் பாட்டிலை ஒரு முறை பார்த்துவிட்டுச் சுற்றிக் கொடுத்தார்.

அவர் விட்டுப்போன காய்ந்த இலை ஹார்லிக்ஸ் பாட்டிலில் இன்னும் பத்திரமாக இருந்தது. மூடியைத் திறந்ததும் அன்றைய வாசம் வந்தது. பார்த்ததைப் பார்த்தபடி செய்தாள். சாயங்காலம் தட்டை ஓவனுக்குள் தள்ளிவிட்டு, அன்று நின்ற இடத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கோழி வெந்த வாசம் வந்தது. அவள் கை திறக்கப் பரபரத்தது. திறக்கவில்லை. கிழங்கு தீயும் வாசம் வந்தது. வாழ்நாளில் ஒரு சோற்றுப்பருக்கையைக்கூட அடிப்பிடிக்க விடாதவள், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். புகை வந்த பிறகுதான் திறந்தாள்.

(இங்கே எனக்கு ஒரு சிக்கல். குறிப்பில் நான்கு பேருக்கு என்றிருக்கிறது, என் கதையில் சாப்பிட ஒரே ஓர் ஆள்தான். முதலாளியை உட்கார வைக்கலாமென்றால் அன்றைக்குக் கிருத்திகை, அவர் கறி தொடமாட்டார். கம்பெனி மெர்ச்சண்டைசர் ஜெபக்குமாருக்குத் தவக்காலம், ஈஸ்டர் வரைக்கும் அவனும் தொடமாட்டான். தனா சார் அந்த நோன்பெல்லாம் பார்க்கிறவர் இல்லை. மீதியை என்ன செய்வது என்று தெரியாமல்தான் இந்த இடம் வரைக்கும் வந்தேன்.)

6

ஜெபக்குமாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். பையர்களோடு இங்கிலீஷில் பேசி, கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவன் வேலை. அன்று சாயங்காலம் மேஜை தயாரா என்று பார்க்க அவன் முன்னாலேயே வந்துவிட்டான். தனா சார் பின்னால் காரில் வந்துகொண்டிருந்தார்.

“என்னக்கா, கருக விட்டுட்டிய?” என்றான் தட்டைப் பார்த்து.

“கருக விடல தம்பி. கருக வச்சேன்” என்றாள் நாகஜோதி. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. “போன தடவ அவரே செஞ்சாருல்ல, இதே கணக்குத்தான். அன்னைக்கி நின்னுக்கிட்டே அம்புட்டையும் சாப்பிட்டாரு. நீங்க வேணும்னா பாருங்க, இன்னைக்கி எப்படி சாப்பிடுறாருன்னு.”

ஜெபக்குமார் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, அன்னைக்கு வந்த போன் என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“என்ன போனு?”

“அவங்க அம்மா இறந்துட்டாங்கன்னு வந்த போன். யார்ட்டயும் சொல்லாதன்னுட்டாரு. மறுநாள் சரக்கப் பாத்து முடிச்சிட்டுத்தான் கெளம்புனாரு. நாந்தான் ஏர்போர்ட்ல விட்டேன். அவரு போய்ச் சேர்றதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டாவ. இது அவங்க அம்மா செய்யிற சாப்பாடாம்க்கா. வழியெல்லாம் அதத்தான் சொல்லிட்டு வந்தாரு.”

நாகஜோதி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மனிதர் தன் தாய் செத்த சேதியோடு தின்ற தட்டை, கருகல் முதற்கொண்டு, அவள் அப்படியே திரும்பச் செய்து வைத்திருந்தாள்.

4

எடுத்த பகுதியை இங்கே வைக்க வேண்டியிருக்கிறது. நான் வைக்கவில்லை. அவள் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தானாக வந்து நின்றது.

அவள் செக்கிங்கில் இருந்த காலத்தில், சரக்கு ஏறவேண்டிய ஒரு நாளில், ஊரிலிருந்து சேதி வந்தது. ஆத்தாவுக்கு முடியவில்லை, உடனே வா என்று. பெட்டி கட்டி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் நகரக் கூடாது என்றார்கள். அவள் நகரவில்லை. தாராபுரம், திண்டுக்கல், மதுரை என்று பஸ் மாறி மாறி ஊருக்குப் போய் இறங்கியபோது வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். “இப்பத்தான்டி எடுத்துட்டுப் போறாங்க” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பெற்ற தாய்க்கு ஒரு பிடி வாய்க்கரிசி போடவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்த நாளில் இங்கே அவள் குடியிருக்கிற லைன் வீட்டில் ஏதாவது செய்து படைப்பாள். அது யாருக்கும் போய்ச் சேர்ந்த மாதிரி அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

7

இனி என்ன நடக்கலாம்?

அ. தனா சார் கறுத்த கிழங்கை வாயில் போட்டதும் முகம் மலர்ந்து, “எங்கம்மாவும் இப்படித்தான் கருக விடுவாள்” என்கிறார். எல்லோரும் அழுகிறார்கள். இதை எழுதியும் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

ஆ. அவர் தட்டைப் பார்க்கிறார், நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுகிறார், காலையில் யாரிடமும் சொல்லாமல்— இதுவும் நடந்திருக்கக்கூடும். ஆனால் நாகஜோதியை அந்தச் சமையலறையில் அப்படி நிற்க வைத்துவிட்டு என்னால் போக முடியாது.

இ. ஜெபக்குமார் சொன்னது இது: “கருகுனத எல்லாம் எடுத்துக் குப்பையில போட்டுருங்கக்கா. நல்லதா மேலாக்க எடுத்து வைங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

புத்திசாலித்தனமான யோசனை. அவளும் கரண்டியை எடுத்தாள். கறுத்த கிழங்குகளைத் தனியே எடுத்தாள். குப்பைக்கூடையின் மூடியைத் திறந்தாள். அதற்கு மேல் அவள் கை போகவில்லை.

8

கேட்டருகே கார் ஹாரன் அடித்தது. ஜெபக்குமார் வாசலுக்கு ஓடினான்.

நாகஜோதி கொல்லைக் கதவைத் திறந்து, வாழையில் ஓர் இலையை அறுத்துக்கொண்டு வந்தாள். கழுவி, ஜன்னலோரம் மேடையில் விரித்தாள். கறுத்த கிழங்குகளை அதில் வைத்தாள். கோழியில் நல்ல சதையாகப் பிய்த்துப் பக்கத்தில் வைத்தாள். ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்தாள். படம் ஒன்றும் இல்லை, இருந்திருந்தாலும் யாருடைய படத்தை வைப்பது? காக்கைகள் அடைந்துவிட்ட நேரம். கூப்பிட்டாலும் வராது. பிறகு இலையின் மறுபாதியில் இன்னொரு பங்கும் வைத்து, இன்னொரு டம்ளர் தண்ணீரும் வைத்தாள்.

அவர் மேஜைக்குப் போகவில்லை. வாசம் இழுத்திருக்க வேண்டும், நேரே சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார். இலையைப் பார்த்தார். பல வருஷமாக இந்த ஊருக்கு வந்து போகிறவர். யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

“ஹூ?” என்று கேட்டார், இலையைக் காட்டி.

அவளுக்கு இங்கிலீஷ் வராது. கறுத்த கிழங்கைக் காட்டி, அவரைக் காட்டினாள். “அம்மா” என்றாள். பிறகு மறுபாதியைக் காட்டி, தன் நெஞ்சில் கையை வைத்தாள். “அம்மா.”

 மேடையில் தட்டு இன்னும் சூடு ஆறாமல் இருந்தது, அதில் பாதிக் கோழி மீதி இருந்தது.

9

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மனம் வரவில்லை. அவர் பசித்த வயிற்றோடு வந்திருக்கிறார். அவள் அவரை வயிறாரச் சாப்பிட வைக்கவேண்டும் என்று நிற்கிறாள். படைத்தவர்கள் சாப்பிடாமல் எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவர்கள் ஊர் வழக்கம் எனக்குத் தெரியவில்லை.

வடைக் காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான்கு பேருக்கு என்றுதான் போட்டிருக்கிறது. இலையில் இரண்டு பேருக்கு வைத்தாகிவிட்டது. மீதிக்கு இரண்டு தட்டு வேண்டும். அலமாரி அவளுக்குப் பின்னால் இருக்கிறது, அவள் கையெல்லாம் எண்ணெயும் கரியும். நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.