சார்ஜெண்ட் கொல்கேயின் வலது குதிகால்

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல. திருடியது. சந்தி முனையில் பழச்சாறு வண்டி வைத்திருக்கும் காசில்தா, உரிமத் தாளை நகலெடுக்க என் கடைக்கு வந்தபோது சொன்னாள். "ஜெராக்ஸ்காரரே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று மூன்று முறை கேட்டுக்கொண்டாள். ஒரு முறை கேட்டிருந்தால் ரகசியம். மூன்று முறை என்றால் ஊருக்கே சொல்லு என்று பொருள்.

கெட்டுப்போன நகல்களின் பின்பக்கத்தில்தான் எப்போதும் எழுதுகிறேன். ஒரு பக்கம் யாருடைய பிறப்புச் சான்றிதழோ, மறுபக்கம் என் இலக்கியம். இந்தக் கதைக்கு எழுதிய தொடக்கங்கள் இவை:

(அ) மழை பொய்த்த அந்த ஆண்டில், சான் இலாரியோவின் நாற்சந்தியில் தனியாக நின்ற ஒரு மனிதன்—

மழைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஆண்டு மழை நன்றாகவே பெய்தது.

(ஆ) வலி என்பது உடல் நமக்கு எழுதும் ஒரு—

எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உடம்பு அந்த வேலைக்கெல்லாம் போகாது.

(இ) மே மாதம் ஒரு திங்கட்கிழமை, போக்குவரத்து சார்ஜெண்ட் எர்மொஹெனெஸ் கொல்கே கட்டிலிலிருந்து இறங்கி வலது காலைத் தரையில் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார்.

இது இருக்கட்டும். ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் ஐந்து வாரம் இருக்கிறது. அங்கிருந்து வர வேண்டும்.

2

எங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குப் புது அதிகாரி வந்தார்: மேஜர் யோவானா இரியார்த்தே, வயது முப்பத்து நான்கு. வந்த முதல் நாளே காவலர்களை வரிசையில் நிறுத்தி, பெல்ட்டுக்கு மேலே வழிந்த வயிறுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு நிலையத்தின் சிமெண்டு முற்றத்தில் பழைய லாரி டயர்கள் வந்து இறங்கின. நாற்பது நிமிடம் குதிக்க வேண்டும். கைகளை விரித்துக் குதி, முழங்காலை மார்புக்கு இழுத்துக் குதி, டயரைத் தாண்டிக் குதி. அதுவும் பூட்ஸோடு.

கொல்கேவுக்கு வயது ஐம்பத்தொன்று, எடை தொண்ணூற்றெட்டுக் கிலோ. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே சந்தியில் நிற்பவர். இவரைப் பாவப்பட்ட மனிதராகக் காட்டத்தான் முதலில் நினைத்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் நடந்தது வேறு. அவருக்குக் குதிப்பது பிடித்துப்போனது!

முதல் வாரம் மூச்சு வாங்கியது. இரண்டாம் வாரம் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டார். மூன்றாம் வாரம் ஐந்து டயரை நிற்காமல் தாண்டினார். மேஜர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாரும் கொல்கேயைப் பாருங்க! உங்கள்ல பாதிப் பேரு இவருக்கு மகன் வயசு. வெக்கமா இல்ல?"

இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் இவரைப் பார்க்கும்படி யாரும் யாரிடமும் சொன்னதில்லை. ஓட்டுநர்கள்கூட இவர் கையைத்தான் பார்ப்பார்கள்.

அன்று முதல் வீட்டிலும் குதித்தார். மனைவி, பேரன் பிறந்ததால் ஒத்தாசைக்காக மூன்று மாதம் மகளிடம் போயிருந்தாள். கேட்க ஆளில்லை. மொட்டை மாடிச் சிமெண்டில், வெறுங்காலோடு, தினமும் மாலை இருநூறு தடவை.*

* கீழ்வீட்டுக்காரரின் சூப்பில் சுண்ணாம்பு விழுந்ததாக ஒரு புகார் உண்டு. அதைத் தனி அத்தியாயமாக எழுதி, பிறகு கிழித்துவிட்டேன். சூப் கதையைத் தின்றுவிடும் போலிருந்தது.

3

இப்போது அந்தத் திங்கட்கிழமை. காலை வைத்தார், எடுத்தார். குதிகாலின் அடியில் யாரோ ஆணியை நட்டுவைத்த மாதிரி இருந்தது. குனிந்து தரையைப் பார்த்தார். ஆணி இல்லை. காலைத் திருப்பிப் பார்த்தார். அங்கும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடந்ததும் வலி போய்விட்டது. "சரியாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டு குதிக்கப் போனார்.

மதியம் அது திரும்பி வந்தது. மறுநாள் காலையும் வந்தது. வாடகை வீட்டுக்கு வந்தவன் மாதிரி முதலில் தயங்கித் தயங்கி வந்து, பிறகு கட்டிலையும் கொண்டுவந்து போட்டுவிட்டது.

(இந்த உவமையை அடித்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். காசில்தாவிடம் படித்துக் காட்டினேன். "வாடகைக்காரனாவது மாசக் கடைசியில மூஞ்சிய மறைப்பான்" என்றாள். அதனால் விட்டுவைத்திருக்கிறேன்.)

கொல்கே யாரிடமும் சொல்லவில்லை. குதிப்பதையும் நிறுத்தவில்லை. சந்தியில் நிற்கும்போது மட்டும் வலி தாங்காமல் வலது காலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வார். காசில்தா முதல் நாளே பார்த்துவிட்டாள். மூன்றாம் நாள் கேட்டேவிட்டாள்.

"என்ன சார்ஜெண்ட், கொக்கு வேஷமா?"

"பூட்ஸுக்குள்ள கல்லு."

"மூணு நாளா அதே கல்லா? அதுக்குப் பேரு வெச்சுட்டீங்களா?"

"உன் ஆரஞ்சைப் பிழி, காசில்தா."

இதற்குள் ஓட்டுநர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். சார்ஜெண்ட் ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை விடுவதற்குச் சற்று முன்னால் வலது கால் மேலே போகிறது. எடையை மாற்றிக்கொண்டு திரும்புவதற்காக அப்படித் தூக்குவார். ஷேர் வேன் ஓட்டும் வில்ஃப்ரெதோதான் இதை முதலில் பார்த்தவன். கையைப் பார்ப்பதைவிடக் காலைப் பார்த்தால் இரண்டு நொடி முன்னதாகவே கிளம்பலாம். ஒரே வாரத்தில் ஊர் வண்டிகள் முழுக்க அவருடைய காலுக்குக் கட்டுப்பட்டு ஓடத் தொடங்கின. அவருக்கு மட்டும் அது தெரியாது.

4

ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணி. வடக்கே வில்ஃப்ரெதோவின் வேன் நிற்கிறது. கிழக்கிலிருந்து ஒரு பிக்கப் வண்டி வருகிறது. அதன் பின்தட்டில் திருவிழாவுக்குப் போகும் பித்தளை வாத்தியக் குழு, அவர்களுக்கு நடுவே ஆள் உயர முரசு. கொல்கே கிழக்குக்குத்தான் வழி விட்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் குதிகாலில் ஒரு குத்து. கால் மேலே போனது.

வில்ஃப்ரெதோ கிளம்பினான்.

பிக்கப் பிரேக் போட்டது. யாருக்கும் அடியில்லை. டிராம்போன்காரரின் தொப்பி மட்டும் பறந்தது. கூடவே முரசு வண்டியிலிருந்து குதித்துச் சந்தைச் சரிவில் உருளத் தொடங்கியது.

"சார்ஜெண்ட்! பிடிங்க! உங்க பக்கந்தான் வருது!"

உண்மையாகவே அவர் பக்கம்தான் வந்தது. நாலு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம். இப்போது ஏழு டயர் தாண்டுகிறவர், காவலர்களிலேயே வலுவானவர், மூன்று எட்டு வைத்தார். பிறகு சந்தியின் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முரசு அவரை உரசிக்கொண்டு, மெதுவாக, ஏறக்குறைய மரியாதையாகக் கடந்துபோய், வெங்காயக் கூடைகளில் மோதி நின்றது.

வில்ஃப்ரெதோ இறங்கி ஓடிவந்தான். "நீங்கதானே கால தூக்குனீங்க?"

"கால தூக்குனா உனக்கென்னடா?"

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க? கால தூக்குனாப் போகணும்னு ஊருக்கே தெரியுமே!"

காசில்தா வண்டியை விட்டுவிட்டு வந்து, சுற்றி நின்ற கூட்டத்தைப் பொருட்படுத்தாமல் அவருடைய பூட்ஸைக் கழற்றினாள். கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். கல் இல்லை.

"கல்லக் காணோமே" என்றாள். கொல்கேயின் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெங்காயக் காற்று என்று எழுதினேன், அடித்துவிட்டேன்.

5

சுகாதார நிலையத்தில் உடற்பயிற்சி மருத்துவம் பார்க்கும் பெண் அவருடைய பாதத்தைக் கட்டைவிரலால் ஒரே இடத்தில் அழுத்தினாள். கொல்கே கத்தியது தடுப்பூசி வரிசைவரை கேட்டதாம்.

"இங்கேருந்து விரல் வரைக்கும் ஒரு பட்டை ஓடுதுங்க. அதைப் போட்டு அடிச்சு நொறுக்கியிருக்கீங்க. சிமெண்டுல, வெறுங்காலோட, இந்த எடையோட. குதிக்கிறத நிறுத்துங்க. சுவத்துல கை ஊனிக் கெண்டைக்காலை இழுத்து விடுங்க. தண்ணி பாட்டில உறைய வெச்சுப் பாதத்துக்கடியில உருட்டுங்க. பூட்ஸுக்குள்ள மெத்தை வைங்க. மூணு மாசத்துல சரியாகும்."

"மூணு மாசமா? சனிக்கிழமை ஊர் ஆண்டுவிழாம்மா. மாவட்டக் கமாண்டர் வர்றார். நான்தான் முன்னால நின்னு ஏழு டயர் தாண்டணும்."

"தாண்டுங்க. மறுநாள் தூக்கிட்டு வரச் சொல்லுங்க."

அன்று மாலையே மேஜரிடம் போனார். இந்தக் காட்சியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மேஜர் மேசையைக் குத்துகிறார். ஒன்றில் மேஜரும் ரகசியமாக நொண்டுகிறார். வாசகருக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவர் நொண்டவில்லை. இன்றுவரை மான் மாதிரிதான் ஓடுகிறார். கொல்கே சொன்னபடி நடந்தது இதுதான்:

"எத்தனை நாளா வலி?"

"மூணு வாரமா, மேஜர்."

"ஏன் சொல்லல?"

"நீங்க... என்னைப் பாருங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க."

மேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "கொல்கே, மத்தவங்க எந்திரிச்சு வரட்டும்னுதான் அதைச் சொன்னேன். யாராவது ஒருத்தர் பேரு வேணும். நீங்க முன்னால நின்னீங்க."

அந்தப் பதில் குதிகாலில் குத்தவில்லை. வேறெங்கோ குத்தியது.

"பட்டியல் மேலே போயிருச்சு" என்றார் மேஜர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "குதிக்க முடியாதுன்னா உடல்தகுதி இல்லைன்னு எழுதணும். எழுதினா உங்கள ஆவண அறைக்கு மாத்துவாங்க. அந்த விதிய நான் போடல. சனிக்கிழமை வரைக்கும் யோசிங்க."

ஆவண அறை நிலவறையில் இருக்கிறது. ஜன்னல் இல்லை. அங்கே யாருக்கும் வழி விட வேண்டியதில்லை.

6

சனிக்கிழமை. மேடை, கொடிகள், சல்தேன்யா என்னும் இறைச்சிப் பணியாரத்தைக் கடித்துக் குழம்பைச் சட்டையில் வழியவிட்டுக்கொண்ட கவுன்சிலர்கள். பன்னிரண்டு காவலர்கள் வரிசையில் நின்றார்கள். முன்னால் கொல்கே, அவருக்கு முன்னால் ஏழு டயர். மேஜர் விசில் ஊதினார்.

கொல்கே நகரவில்லை.

இரண்டாவது விசில். கூட்டத்தில் சலசலப்பு. கொல்கே அட்டென்ஷனில் நின்றபடியே, வண்டிகளை அதட்டிப் பழகிய அந்தக் குரலில், மைக் இல்லாமலே மேடையைப் பார்த்துச் சொன்னார்:

"என்னால முடியாதுங்கய்யா! குதிகால் வலிக்குது!"

என் முதல் பிரதியில் இந்த இடத்தில் மற்ற பதினொரு பேரும் ஒவ்வொருவராக "எனக்கும் வலிக்குது" என்று கை தூக்கினார்கள். எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் நான் அங்கே இருந்தேன். யாரும் கை தூக்கவில்லை. ஒருவன் தும்மினான்.*

* அடுத்த வாரத்தில் நான்கு காவலர்கள் அந்த மருத்துவப் பெண்ணின் பயிற்சித் தாளை நகலெடுக்க என்னிடம் வந்தார்கள். நால்வரும் மாமியாருக்கு என்றார்கள்.

மாவட்டக் கமாண்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அறுபது வயதிருக்கும். மேடைப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி கொல்கேவிடம் வந்தார்.

"எந்தக் குதிகால்?"

"வலதுங்கய்யா."

கமாண்டர் அந்தப் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார் (இது கொல்கே பின்னால் எனக்குச் சொன்னது). "காலையில... முதல் அடியா?"

"ஆமாங்கய்யா. ஆணி மாதிரி."

"பத்து அடி நடந்தா விட்டுடுமே?"

"விட்டுடும். அப்புறம் வந்துரும்."

"வந்துரும்" என்றார் கமாண்டர். பிறகு மேஜர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார்.

7

என்ன சொன்னார்?

நான் கூட்டத்தின் பின்வரிசையில் இருந்தேன். கேட்கவில்லை. காசில்தா முன்னால் இருந்தாள்: "'இவர சந்தியிலேயே விடு, உக்கார ஒரு ஸ்டூல் குடு'ன்னார். என் காதால கேட்டேன்." வில்ஃப்ரெதோ வேன் கூரை மேல் நின்றிருந்தான்: "'விதின்னா விதிதான், எழுதிடு'ன்னார். வாயசைவுலயே தெரிஞ்சுது." கொல்கேவைக் கேட்டேன். "தொப்பி கோணலா இருக்கு, சரிபண்ணுன்னார்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். மேஜர் ஒரு நகலுக்காக வந்தபோது துணிந்து அவரையும் கேட்டுவிட்டேன். "எழுத உங்களுக்கு வேற விஷயமே கெடைக்கலயா?" என்றார்.

அதன்பின் கொல்கேவுக்கு மூன்று மாதம் மருத்துவ விடுப்பு. சுவரைத் தள்ளினார், பாட்டிலை உருட்டினார், ஊருக்குத் திரும்பி வந்த மனைவியிடம் திட்டு வாங்கினார். எந்த வேலைக்குத் திரும்புவது என்ற உத்தரவு மட்டும் வரவில்லை. அதற்குள் கதையை முடித்துவிடலாம் என்று மூன்று முடிவுகள் எழுதிவைத்தேன். ஸ்டூல் முடிவு சிரிப்பாக இருக்கிறது. நிலவறை முடிவு உண்மை மாதிரி இருக்கிறது. மூன்றாவதில் அவர் ராஜினாமா செய்துவிட்டு—

இல்லை, அவர் அப்படிச் செய்ய மாட்டார்.

இன்று காலை உத்தரவு வந்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், சற்று முன் நிமிர்ந்தபோது எதிர்ச்சாரியில் கொல்கே காவல் நிலையத்திலிருந்து வெளியே வந்தார். கையில் பழுப்பு உறை. எங்கள் ஊரில் எந்த உத்தரவுக்கும் மூன்று நகல் வேண்டும். அதற்கு என்னிடம்தான் வர வேண்டும். சாலையைக் கடக்கத் தொடங்கிவிட்டார். முகத்தைப் பார்த்தால் உறையில் இருப்பது தெரிந்துவிடும். அதனால் தலையைக் குனிந்துகொண்டு இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் வந்து சேர்வதற்குள் ஸ்டூலா நிலவறையா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். பூட்ஸ் சத்தம் நெருங்கிவிட்டது. வலதும் இடதும் ஒரே மாதிரி விழுகிறதா என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.