புலி மூக்குத் தோசைக்கல்

எங்கள் வீட்டு இரும்புத் தோசைக்கல்லின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. கேரி தீவு எஸ்டேட்டில், அடுப்படிக்கு வந்த புலியை என் மாமியாரின் தாயார் இந்தக் கல்லால் மூக்கிலேயே போட்டபோது விழுந்தது. புலி தும்மிக்கொண்டே டெங்கில் ஊர்ப் பக்கம் போனதாகக் கேள்வி.

"அது சுத்தியல் அடி, அப்பா," என்பாள் என் மகள் மலர். கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டர். இரும்பைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தக் கல் குடும்பத்துப் பெண்களுக்கே போகும். இரண்டு பேர் கேட்டால் ஆளுக்கு ஒரு தோசை. பிய்யாமல் எடுப்பவளுக்குக் கல். என் மனைவி தங்கமணிக்கு மணிக்கட்டு வலி. இனி அதைத் தூக்க முடியாது. மலர் பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு வாங்கிப் பால் காய்ச்சியதோடு சரி. "கல்லு வந்தாத்தான் சமையல்," என்று மூன்று மாதமாகக் கடைச் சாப்பாடு.

சாலாக் செலாத்தானிலிருந்து தங்கமணியின் தங்கை வீரம்மா போன் போட்டாள். "நெருப்புக் கக்குறவளுக்குத் தோசைக்கல் எதுக்குக்கா? எனக்கும் உரிமை இருக்கு லா. ஞாயிற்றுக்கிழமை வரேன்."

சித்தி வருகிறாளே, கல் பளிச்சென்று இருக்கட்டும் என்று சனிக்கிழமை காலை மலர் அதைச் சோப்பும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்துவிட்டாள். மூன்று தலைமுறை எண்ணெய் சாக்கடையில் இறங்கியது. அன்று அங்கே இரண்டு எலிகள் வழுக்கி விழுந்ததை நானே பார்த்தேன்.

"போச்சு. இனி மாவு பசை மாதிரி ஒட்டும்," என்று தங்கமணி உட்கார்ந்துவிட்டாள்.

மலர் அழவில்லை. கல்லைப் பட்டறைக்கு எடுத்துப்போனாள். கேஸ் தீயில் காய்ச்சி, நல்லெண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, புகை அடங்கும்வரை சுட்டு, மறுபடி தேய்த்தாள். ஒன்பது முறை. கல் கருகருவென்று ஆனது. அந்த வாசனைக்குத் துறைமுகத்தில் நின்ற மூன்று கப்பல்கள் சட்னி கேட்டு ஹார்ன் அடித்தன.

ஞாயிறு. மூத்தவள் என்று வீரம்மா முதலில் நின்றாள். வீட்டில் நான்-ஸ்டிக்கில் சுட்டுப் பழகிய கை. எண்ணெய் தேய்க்காமலே மாவை ஊற்றிவிட்டாள். தோசை இரண்டாகப் பிய்ந்தது. நடுவில், எங்கள் நாட்டை இரண்டாகப் பிரிக்கும் தென்சீனக் கடலே ஓடியது.

மலர் கல்லைச் சுரண்டினாள். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தாள். தண்ணீர் தெளித்துத் தீயைக் குறைத்து, மாவை ஊற்றி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கருகுது, எடு லா!"

"இருங்க சித்தி. விளிம்பு தானா எழும்பும்."

எழும்பியது. ஒரே தள்ளு. முழு நிலாவாகத் தோசை தட்டில் வந்து விழுந்தது. ஓரத்தில் பள்ளத்தின் அச்சு உருண்டையாக. தங்கமணி மணிக்கட்டு வலியை மறந்து கை தட்டினாள்.

வீரம்மா ஒரு துண்டைப் பிய்த்து மென்றாள். "தூக்கிட்டுப் போடி. தீபாவளிக்கு முதல் தோசை எனக்கு."

அன்று மாலை கொமுட்டர் ரயிலில் என் பக்கத்தில் மலர் கல்லை மடியில் வைத்து, கோப்பை வென்றவள்போல் உட்கார்ந்திருந்தாள். எதிரில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஓரத்துல பள்ளம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மலர் சொன்னாள்:

"புலி மூக்கு, ஆன்டி."