எறும்பு மொய்த்த கொய்னா

கொய்னாப் பொட்டலத்தில் எறும்பு மொய்த்திருந்தது. சர்க்கரை டப்பாவில் மொய்த்திருந்தால் ஏசிக்கொண்டே எடுத்து வெயிலில் வைத்திருப்பேன். கொய்னாவில் மொய்த்ததைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன். குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கிற மருந்து அது. நாக்கில் பட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. அந்தக் கசப்புக்கு வரிசை கட்டி வர எறும்புக்கு என்ன தலையெழுத்தா? விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். மாவு. மருந்துபோல மினுங்கட்டும் என்று சீனியை இடித்துக் கலந்திருந்தார்கள், பாவிகள்.

வெள்ளைக்காரன் காலம் அது. அந்த வருஷம் மழைக்குப் பிறகு மலையடி ஊர்களில் காய்ச்சல் கண்டபாட்டுக்கு இருந்தது. எங்கள் தாலுகா போர்டார் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொய்னாப் பொட்டலம் கொடுத்தார்கள். இத்தனை நாளாக ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? எங்கள் பக்கத்தில் கொய்னாவை யாரும் வெறும் வாயில் போடுவதில்லை. வாழைப்பழத்தைக் கீறி, உள்ளே தூளை வைத்து, மூடி, பிள்ளைக்கானாலும் பெரியவருக்கானாலும் மென்றுவிடாமல் முழுங்கச் சொல்லிக் கொடுப்போம். அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று பத்திரிகையிலேயே போட்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

என் வீட்டுக்காரர் பொன்னுராஜ். தேனிக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர்க் கடைவீதியில் முன்கட்டில் அச்சு மிஷினும் பின்கட்டில் குடித்தனமுமாக 'மலையடி' என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். நாலு பக்கம். அதில் இரண்டு பக்கம் கட்சிப் புராணம். தலைவர் தும்மினால் அதில் வரும். கட்சிப் பேரை நான் சொல்லப்போவதில்லை. இன்றைக்கும் அதில் என் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கட்சி என்றால் இந்த மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அதனால், பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. போர்டுக்குக் கொய்னா வாங்கிக் கொடுக்கும் காண்டிராக்டு என் தம்பி சங்கரலிங்கத்தினுடையது. போர்டுத் தேர்தலில் எங்கள் கட்சிக்கு நிற்பதும் அவன்தான். ஓட்டுப்போட ஒரு வாரம் இருந்தது.

அவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டார். தபாலாபீசுக்குப் போய், அங்கே விற்கிற சர்க்கார் கொய்னா ஒரு பொட்டலம் வாங்கிவந்தார். மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேவாரம் பக்கமாகப் போனார். காய்ச்சல் கண்ட வீடு வீடாக ஏறி, போர்டுத் தூளையும் தபாலாபீஸ் தூளையும் மாற்றி மாற்றி நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். பொழுது சாய வந்தவருக்கு ரசத்தில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. "நாக்கு செத்துப் போச்சு, ஆத்தா" என்று சிரித்தார். ஆனால் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். கரட்டடியில் மொக்கம்மாள் என்று ஒருத்தி, கடலைக்காட்டில் கூலி வேலை பார்க்கிறவள், புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு இருக்கிறாள். அவள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வேளகூடத் தப்பாமக் குடுத்தேன்யா. பழந்தான் சிறுசாப் போச்சோ, நான் குடுத்ததுலதான் கோளாறோ?" என்று கேட்டிருக்கிறாள்.

சேதி எப்படியோ கசிந்து, மறுநாள் சங்கரலிங்கம் வந்துவிட்டான். எங்கள் அம்மா போனபிறகு என் இடுப்பிலேயே வளர்ந்தவன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அத்தான், சரக்குக் கிட்டங்கில எவனோ கலந்திருக்கான். எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஒடனே நிப்பாட்டச் சொல்லிட்டேன். தேர்தல் முடியட்டும், அடுத்த வாரம் போடுங்க. இப்பப் போட்டா அந்தக் கட்சிக்காரக வந்துருவாக. குடிதண்ணிக் குழாய்த் திட்டம், பொம்பளப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் மண்ணாப் போகும். அதுக்குத்தான நீங்க இத்தன வருசம் எழுதினீக?"

அவன் சொன்னதில் பொய்யில்லை. குழாய்த் திட்டத்துக்காக இவர் எழுதி எழுதியே கை தேய்ந்தவர். கொஞ்ச நேரம் மிஷின் சக்கரத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அடுத்த வாரம் வாரேன்னு காய்ச்சல் சொல்லுதா, மாப்பிள?" என்றார்.

அவன் என்னைப் பார்த்தான். "அக்கா, இது அச்சாச்சுன்னா இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அவனுக்குக் கொடுத்த காப்பி தம்ளரில் ஆறிப்போய் அப்படியே இருந்தது என்று சொன்னால் பொய். நான் காப்பியே கொடுக்கவில்லை.

அச்செழுத்துக் கோக்கிற பெட்டி முன்னால் உட்கார்ந்தவர் திரும்பி என்னைக் கேட்டார். "ஒன் தம்பி. ஒனக்கு இருக்கிற ஒரே பொறந்தவன். நீ வேணாம்னு சொல்லு, யோசிக்கிறேன்."

எனக்கு வந்ததே கோபம்! "என்னயக் கேட்டுக்கிட்டா எறும்பு மொய்ச்சுச்சு? கட்சிய நீங்க கட்டிக்கிட்டு அழுதீக, தம்பிய நான் வளத்தேன். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் விடிஞ்சிருக்கு. கோருங்க எழுத்த!" என்றேன். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதேன். அழாமல் என்ன செய்வேன்?

அவர் எழுதினது என்ன என்று நினைக்கிறீர்கள்? ஊழல், மோசடி என்று பெரிய எழுத்தில் போடுவார் என்று பார்த்தேன். இல்லை. தம்பி பேரையும் அவன் காண்டிராக்டையும் மறைக்காமல் ஒரு வரியில் சொல்லியிருந்தார். மேலே, முதல் பக்கத்தில், இப்படி இருந்தது: "வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கச் சொன்னது இந்தப் பத்திரிகை. அது எங்கள் தப்பு. போர்டு கொடுத்த பொட்டலத்தைப் பழமில்லாமல் நாக்கில் வையுங்கள். கசந்தால் மருந்து. கசக்காவிட்டால் தபாலாபீசுக்கு ஓடுங்கள்." இவ்வளவுதான். இருபது வருஷம் குடித்தனம் பண்ணியவள் நான். அந்த மனுஷனைக் கும்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

பத்திரிகை வாங்கப் பாதிப்பேரிடம் காசு கிடையாது; மீதிப்பேருக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் டீக்கடையில் ஒருவர் வாசிக்க, கேட்டவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அந்த வாரச் சந்தையில் நான் கண்ட காட்சியை என்ன சொல்ல! மிளகாய் மூட்டைக்காரரும் கத்திரிக்காய் விற்கிறவளும் வண்டிக்காரர்களும் அங்கங்கே நின்று உள்ளங்கைத் தூளை நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நக்கிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஓட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் சந்தைத் திடலில் தம்பி கூட்டம் போட்டான். மாட்டுவண்டி மேல் ஏறி நின்று பேசினான். போகக் கூடாது என்றுதான் இருந்தேன், கால் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கட்சிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

"பத்திரிக பொய் சொல்லுது. எதிர்க்கட்சிக்கு விலைபோயிருச்சு. நான் குடுத்தது அசல் மருந்து!" என்றான் தம்பி.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி போனாள், இடுப்பில் ஒரு பெண்பிள்ளை. மொக்கம்மாள் என்று பக்கத்தில் சொன்னார்கள். அவளுக்கு ஓட்டுக் கிடையாது. வரி கட்டுகிறவர்களுக்குத்தான் அப்போது ஓட்டு. அவள் ஏசவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பொட்டலத்தை அவிழ்த்து வண்டிக்கு மேலே நீட்டினாள்.

"எங்க வீட்டுக்காரகளுக்குக் குடுத்ததுல மிச்சம்யா. நீங்க நாக்குல வச்சுச் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பிக்கிறேன்."

அத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பான்? ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டான். கண்ணை இறுக மூடி, முகத்தைக் கோணி, தோளைக் குலுக்கினான். "யப்பா! என்னா கசப்பு! பாத்துக்கிருங்க!" என்றான். கட்சிக்காரர்கள் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சின்ன வயசில் இவனுக்கு அசல் கொய்னாவை எத்தனை தடவை கொடுத்திருக்கிறேன், முழுங்காமல் பழத்தை மென்றுவிடுவான்! கசந்தால் இவன் கண்ணை மூடுகிறவன் இல்லை. தண்ணி தண்ணி என்று என் சேலையைப் பிடித்து இழுக்கிறவன்.

கைதட்டல் அடங்கினது. மொக்கம்மாள் பொட்டலத்தில் மீதியிருந்ததை உள்ளங்கையில் கொட்டி, இடுப்பிலிருந்த பிள்ளையின் வாய்க்கு நேரே பிடித்தாள். பிள்ளை குனிந்து நக்கியது. திடலே அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அது ஆத்தாளின் கையைச் சுத்தமாக நக்கி முடித்து, உதட்டையும் நக்கிக்கொண்டு, வண்டிமேல் நின்ற என் தம்பியை நிமிர்ந்து பார்த்து, இன்னும் வேண்டுமென்று கையை நீட்டியது.