மரம் அறுக்கும் மெஷினுக்கு உபயதாரர்கள்

பல்லவர் ஆண்டது, சோழர் ஆண்டது, நவாபு ஆண்டது எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். காஞ்சிபுரத்தின் சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று, சென்ற ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையார்பாளையத்தில் நடந்தேறியது என்பது இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது. அன்றுதான் தெரு நலச் சங்கம், பழைய மரம் அறுக்கும் மெஷின் ஒன்றைப் பழுதுபார்த்து ஓட வைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏகமனது என்றால் தலைவர் பஞ்சாட்சரத்தின் மனது. மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கத்தின் செயலாளர் தேவேந்திரனுக்குச் சரித்திரத்தில் அக்கறை இல்லை. அவர் நெசவுக்காரர், அவருடைய அக்கறையெல்லாம் ஒரு கிளையின் மேல். சங்கத்துக்குச் சொந்தமான காலி மனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. ஆடிக் காற்றில் அதன் பெரிய கிளை அடியில் விரிசல் விட்டு, பக்கத்திலிருக்கும் தேவேந்திரன் வீட்டுத் தறிக்கூடத்தின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தொட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டது. ஷீட்டுக்கு நேர் கீழே தறி. தறியில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை. பாவு நூல் ஏற்றி, தரைக்குழியில் பதித்த தறியைக் கட்டிலை நகர்த்துவதுபோல் நகர்த்திவிட முடியாது. பெருமழை ஒன்று வந்தால் கிளை ஷீட்டில் இறங்கும், ஷீட்டு புடவையில் இறங்கும், புடவையின் கணக்கு தேவேந்திரன் தலையில் இறங்கும்.

"மரம் வெட்டுற ஆளுங்க ரெண்டு பேரைக் கூப்பிட்டா ஒரு வேளையில இறக்கிடுவாங்க தலைவரே" என்று அவர் கூட்டத்தில் சொல்லித்தான் பார்த்தார். மரம் சங்கத்துடையது, தலைவர் சொல்லாமல் அதில் ஒரு இலையைக்கூடக் கிள்ள முடியாது.

பஞ்சாட்சரம் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கூலி குடுத்து வெட்டினா அதுல சங்கத்துக்கு இன்னா பேரு இருக்குது தேவேந்திரா? கூலி மேல பேரு எழுத முடியுமா?"

இந்த ஊரில் மறுக்க முடியாத வாதம் அது. இங்கே டியூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி, குலம் கோத்திரம் எழுதி, மீதி இடத்தில் வெளிச்சம் வருகிறது. மின்விசிறியின் இறக்கையில் எழுதிய பெயர் சுற்றும்போது தெரியாது என்பதால், உபயதாரர் வரும் நேரத்தில் விசிறியை நிறுத்தி வைப்பார்கள். மெஷின் என்றால் எத்தனை பாகம், எத்தனை பெயர். பஞ்சாட்சரம் அதை ஏற்கெனவே பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்து வந்திருந்தார். செயின் இல்லை, கார்ப்ரேட்டர் இல்லை, பிளக் இல்லை, ஸ்டார்ட்டர் கயிறு அறுந்திருந்தது.

"உடம்பு கல்லு மாதிரி இருக்குது. உயிரை மட்டும் போட்டுடு" என்றார். உபயதாரர்களைப் பிடிப்பது தலைவர் வேலை. உயிரைத் தேடுவது செயலாளர் வேலை.

பம்புசெட்டு ரிப்பேர் கடைக்காரர் மெஷினைப் புரட்டிப் பார்த்தார். "எந்தக் கம்பெனிபா?"

"பேரு அழிஞ்சிருக்குது."

"பேரு அழிஞ்ச மெஷினை இந்த ஊர்ல இப்பதான் மொதல் தடவையா பாக்கறேன்."

பிளக் பிரச்சினையில்லை; புல்வெட்டும் மெஷினுக்குப் போடுவதே இதற்கும் பொருந்தியது. செயின் வாங்க, அதன் உபயதாரரான ஜரிகைக் கடைத் தினகரனும் நேரில் வந்துவிட்டார். கடைக்காரர், செயின் ஓடும் நீளத் தகடான பாரை அளந்து, எழுபத்தாறு கண்ணி என்றார்.

"எழுபத்தேழா குடுபா" என்றார் தினகரன். "நல்ல காரியம். ஒத்தப்படையில இருக்கட்டும்."

"அண்ணே, இது மொய் இல்ல. ஒரு கண்ணி கூடினா தொளதொளன்னு ஆயிடும். கழண்டு மூஞ்சில அடிக்கும்."

"யார் மூஞ்சில?"

"ஓட்டறவர் மூஞ்சில."

தினகரன் தேவேந்திரனை ஒரு முறை பார்த்துவிட்டு, "அப்ப எழுபத்தேழே போடலாம்ல?" என்றார். கடைசியில் எழுபத்தாறு கண்ணிச் செயினும், மங்கலத்துக்காக உதிரியாக ஒரு கண்ணியும் வாங்கினார்கள். உதிரியைத் தினகரன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கார்ப்ரேட்டர்தான் கிடைக்கவில்லை. தாமலில் அர்ஜுனன் என்பவரிடம் இதே மாதிரி மெஷின் பிஸ்டன் இறுகி ஓடாமல் கிடப்பதாகக் கடைக்காரர் சொன்னார். தேவேந்திரன் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாகப் போனார். அர்ஜுனன் விவசாயி, கொஞ்ச காலமாக அரசியலும் சாகுபடி செய்து வந்தார். சவுக்கு வெட்ட வாங்கிய மெஷின் மோட்டார் கொட்டகையில் கோழிகளுக்கு ஆசனமாக இருந்தது.

"கழட்டிக்கினு போங்க. காசெல்லாம் வேணாம்" என்றார்.

உலகத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று தேவேந்திரன் நினைத்துக்கொண்டு மொபெட்டை மிதித்தார். வண்டி கிளம்பியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பேரு மட்டும் போட்டுடுங்க. 'தாமல் அர்ஜுனன்'னு. முன்னாடி 'ஏரி கண்ட இளஞ்சிங்கம்'னு பட்டம் ஒண்ணு இருக்குது, அதையும் சேத்து."

இளஞ்சிங்கத்துக்கு ஐம்பது தாண்டியிருக்கும். "இது மெஷினுக்கு உள்ள இருக்கிற சாமான்ங்க. பேரு வெளிய தெரியாதே."

"மூடி மேல போடுங்க."

ஸ்டார்ட்டருக்குத் தேவேந்திரன் தறியில் ஊடு நூலைக் கொண்டு ஓடும் நாடாவை இழுக்கும் கயிற்றிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கட்டினார். அதற்கு உபயம் எழுத வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டார். சங்கத்தில் அது சந்தேகத்தைக் கிளப்பியது.

எல்லாவற்றையும் பூட்டி, பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றிக் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் மெஷின் அலறியது. அவர் மனைவி அகிலா காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஓடுதில்ல? இப்பவே ஏறி வெட்டிடுங்க."

"தொடக்க விழா இருக்குது அகிலா. பேரெல்லாம் எழுதணும்."

செயலாளர் பதவி வந்த நாளிலிருந்து அவரைப் பார்க்கும் பார்வையை அகிலா ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பெயிண்டரிடம் போன மெஷின் மணமகள்போல் திரும்பி வந்தது. பாரின் இரண்டு பக்கமும் மஞ்சள் பூசி, சிவப்பில் 'செயின் உபயம்: தினகரன், ஜரிகை வியாபாரம்'. பெட்ரோல் டேங்கில் பஞ்சாட்சரம், அவர் தகப்பனார், இருவரும் வகித்த பதவிகள். கார்ப்ரேட்டரை மூடும் காற்று மூடியில் இளஞ்சிங்கம். மூடியில் வரிவரியாகப் பிளவு இருந்ததால் எழுத்து உடைந்து தெரிந்ததாம். பெயிண்டர் பொறுப்பாகப் பட்டி பூசிச் சமமாக்கி, அதன்மேல் எழுதியிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் மைக் கட்டினார்கள். தலைவர் மரத்தின் பெருமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். வெட்டுவது பற்றிய விழாவில் இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தேவேந்திரனின் கண் மேடையில் இல்லை. ஷீட்டின் மேல் ஆடிக்கொண்டிருந்த கிளையில் இருந்தது.

கைதட்டலுக்கு நடுவில் கயிற்றை இழுத்தார். மெஷின் இரண்டு முறை இருமியது, நின்றது. மறுபடி இழுத்தார். இருமல்கூட வரவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது.

"எமகண்டம் ஆரம்பிச்சிடுச்சு" என்று பஞ்சாட்சரம் கண்டுபிடித்தார். "சாப்பிட்டுட்டு வந்து பாக்கலாம்." சங்கக் கட்டடத்தில் சாம்பார் சாதம் தயாராக இருந்ததால் தீர்மானம் உண்மையாகவே ஏகமனதாக நிறைவேறியது.

அகிலா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். மெஷினைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டாள்.

"உங்க மூக்குல பட்டி பூசி, அதுமேல ஊரான் பேரையும் எழுதினா நீங்க ஓடுவீங்களா?"

தேவேந்திரன் மூடியைப் பார்த்தார். இடி உருண்டது. முதல் தூறல் இளஞ்சிங்கத்தின் மேல் விழுந்தது. அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

முதலில் பட்டம் போனது. பிறகு தாமல் போனது. பாரின் பள்ளத்தில் செயினை ஒட்டிப் பிடித்திருந்த பெயிண்டைச் சுரண்டியதில் ஜரிகையும் வியாபாரமும் உதிர்ந்தன. பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தபோது டேங்கில் இருந்த தகப்பனாரும் பாதி கரைந்துவிட்டார். கயிற்றை இழுத்தார். தெரு அதிர்ந்தது.

ஏணி போட்டு, கிளையை மேல்கிளையோடு கயிற்றால் கட்டி, நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் காலி மனையில் இறக்கினார். கீழே நின்று கயிற்றை விட்டுக்கொடுத்தவள் அகிலா. கடைசித் துண்டு இறங்கும்போது ஷீட்டில் ஒரு கீறல் இல்லை.

பல்லைக் குத்திக்கொண்டு திரும்பிய சங்கம் வாசலில் அப்படியே நின்றது.

"யாரைக் கேட்டு வெட்டின?" என்றார் பஞ்சாட்சரம்.

"மழை வந்துக்கினு இருக்குது தலைவரே."

"மழை வருஷா வருஷம் வரும்பா. விழா வருமா?"

தினகரன் குனிந்து பாரைத் தடவிப் பார்த்தார். "என் ஜரிகை எங்கய்யா?"

பிறகு தலைவர், போட்டோ எடுப்பதற்காகக் கிளையைத் திரும்ப மேலே தூக்கிக் கட்டச் சொன்னார்.

"ஷீட்டு மேல ஒரு இலை ஏறக் கூடாது" என்றார் தேவேந்திரன். அவர் கையில் மெஷின் இன்னும் சூடாக இருந்தது. "வேணும்னா செயலாளர் பதவியை எடுத்துக்குங்க."

பதவியை எடுத்துக்கொண்டால் வேலையை யார் செய்வது என்பது எல்லோருக்கும் தெரியும். சமரசம் ஏற்பட்டது. பெயிண்டர் பிடிபட்டார், பெயர்கள் அவசரமாகத் திரும்ப எழுதப்பட்டன. இலையோடு இருந்த ஒரு நுனிக்கிளையை இரண்டு உறுப்பினர்கள் மரத்தோடு ஒட்டித் தூக்கிப் பிடித்தார்கள். அணைத்து வைத்த மெஷினை அதில் வைத்து, பஞ்சாட்சரம் மழையில் நனைந்தபடி பல்லைக் கடித்து அறுத்தார். தினகரன் குடை பிடித்தார். செல்போனில் படம் எடுத்தார்கள்.

மழை ஷீட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. தேவேந்திரன் கை கால் கழுவிக்கொண்டு தறியில் இறங்கி, விட்ட இடத்திலிருந்து நெய்தார். சாயங்காலம் சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவில், 'சங்கத்தின் மாபெரும் சாதனை' என்ற தலைப்போடு படம் வந்தது. அகிலா அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். முழுக்க இலை.

படத்தில் பெயர் எதுவும் தெரியவில்லை.